குதிரைக்கு வைத்த நேர்த்தி

"குதிரைக்கு நேர்த்தி வைச்சது பிழையெண்டு நான் சொல்லேல்லை, அண்ணை."

தமிழ் கேட்டதும் வோக்மனை நிறுத்தினேன். டுசல்டோர்ஃப் நகர எஸ்-பான் ரயிலில் மாலை நெரிசல். எதிர் இருக்கையில் இரண்டு பேர். அண்ணை என்று அழைக்கப்பட்டவர் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்பவர் போலும். சப்பாத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"இப்ப நடக்குதோ?" என்றார் மற்றவர்.

"நொண்டுது. முன்னங்காலிலை தசைநார் கிழிஞ்சிட்டுது. தடை தாண்டுற ஓட்டம் இந்த வருசம் இல்லையாம். அடுத்த வருசமும் ஏலாதெண்டால் இறைச்சிக்குத்தான் குடுப்பினம். பாவம், என்ரை கையாலை தீன் திண்டு வளந்தது."

"கேவலார் கோயில் மாதாவுக்கு என்ன வைச்சனியள்?"

"மெழுகுக் கால்."

"குதிரைக் காலோ?"

"அதெங்கை விக்கினம்? மனிசக் கால்தான் இருந்தது. முழங்கால் நல்லாத் தெரியிறதாப் பாத்து வாங்கி வைச்சன்."

"பிறகு?"

அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"பத்து வருசமா எனக்கிருந்த முழங்கால் நோ போயிட்டுது."

"மாதா காலைப் பாத்துத்தான் சுகம் குடுத்திருக்கிறா. முதலாளிக்குச் சொன்னனியளோ?"

"உனக்கென்ன விசரே? தெரிஞ்சால் அடுத்த ஓட்டத்திலை என்னைத் தடை தாண்ட விடுவான்."