கப்பலுக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு

மேல்மலையனூரிலிருந்து செஞ்சிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். தம்பிக்கு மெட்ராஸில் கட்டட வரைபடம் போடும் வேலை.

"கப்பலுக்கு பஸ் ஸ்டாண்டா கட்டப் போறீங்க?" என்றாள் அக்கா.

"அப்படித்தான்க்கா, ஹார்பர்ல பயணிங்க கூடம். ஊர் ஜனமும் உள்ள வந்து கடலப் பாக்க ஒரு மாடம் வரைஞ்சேன்."

"நல்லதுடா. உன் மாமா பினாங்கு போனப்ப கட்டுன பொண்டாட்டி என்னை ஹார்பர் இரும்பு கேட்டாண்டயே நிறுத்திட்டாங்க. கப்பலக் கூட பாக்கல. அப்புறம் மனுசன் வரவே இல்ல."

"அத நெனச்சித்தான்க்கா வரைஞ்சேன்."

"கட்டி முடிச்சதும் என்னை இட்டுனு போ."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "கண்டவன் வருவான்னு மாடத்த எடுத்துட்டாங்க. சுத்தி மதிலு வரையச் சொன்னாங்க."

"வரைஞ்சியா?"

"வரைஞ்சேன்."

"இன்னா ஒசரம்?"

"ரெண்டு ஆள் ஒசரம்."

அக்கா எழுந்து வேறு சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.