பல்லாவரம் தாண்டி சிட்னி

– அப்புறம் இன்னா சார், அவ்ளோ தூரத்துக்கு நடுவுல எங்கயாச்சும் பிளேனைப் பெட்ரோல் போட நிறுத்துவானா?

– நிறுத்துவான் குப்புராஜ். சிங்கப்பூர்ல அரை நாள். சென்னையிலேர்ந்து சிட்னின்னா சும்மாவா? ஒன்பதாயிரம் கிலோமீட்டர்! ஆறு தரம் சோறு போடுவான். தூங்கி எழுந்தா கீழ கடல். மறுபடி தூங்கி எழுந்தா அதே கடல். சேலையூர்ல ஷேவ் பண்ணிட்டு ஏறினவன் அங்க தாடியோடதான் இறங்கணும்.

– அதான் ஜென்சி பாப்பா பத்து வருசமா வூட்டுப் பக்கம் வர்ல.

– அதேதான். தூரம்ப்பா. பொண்ணு மேல தப்பே இல்ல. குரோம்பேட்டையே தாண்டலியே, ஏர்போர்ட்டுக்குப் பல்லாவரம் வேற தாண்டணும், ஆட்டோவைக் கொஞ்சம் விரட்டேன்.

– முன்னால போற லாரிக்காரன் வுடணுமே. இன்னா சார், திடீர்னு கெளம்பிட்டீங்க?

– நேத்து மாப்பிள்ளை போன் பண்ணார். முதல் தடவையா. ஜென்சிக்கு இதயத்துல வால்வு கெட்டுப்போச்சாம். நாளைக்குக் காலையில ஆபரேஷன். “அப்பாவைப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்”ங்கறாளாம்.

– அய்யோ. எத்தினி மணிக்கு?

– எட்டு.

– சார், கோச்சுக்காதீங்க. சிங்கப்பூர்ல அரை நாள் குந்தி, ஆறு சோறு துன்னு, தாடி வளத்துகினு... நாளைக்கு எட்டு மணிக்கு எப்டி சார் போய்ச் சேருவீங்க?

– உள்நாட்டு டெர்மினலுக்கு விடு.

– சரி சார்.

– பெங்களூர்ப்பா. முந்நூறு கிலோமீட்டர்கூட இல்ல. தண்ணி பாட்டில் மூடியைத் திறக்கறதுக்குள்ள இறங்குன்னுடுவான். ஒரு மணி நேரம். சர்ச்சுக்கு வராத பையனைக் கட்டிக்கிட்டாள்னு, “என் கண்ணுல படாதே”ன்னு வாசலோட அனுப்பினேன். எங்க உங்க பொண்ணுன்னு எல்லாரும் கேட்டாங்க. பெங்களூர்னா, ஏன் வரலைன்னு அடுத்த கேள்வி வரும். சிட்னின்னேன், வாயை மூடிக்கிட்டாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே அவ அங்கதான் இருக்கறாப்ல ஆயிடுச்சு.

– தெரியும் சார்.

– என்ன தெரியும்?

– பெங்களூர்னு.

– அடப்பாவி! பின்ன ஏன்யா பெட்ரோல் போடுவானான்னு கேட்ட?

– நீங்க குஷியா சொல்றீங்க, நானும் கேட்டுகினு வந்தேன். வருசா வருசம் உங்க பெரிய வெள்ளி, அதான் குட் ஃப்ரைடே, அன்னிக்கு பாப்பா காலைல பிளேன்ல வரும். நாந்தான் போய் இட்டாருவேன். சர்ச்சுக்கு எதிர்ல வண்டிய ஓரங்கட்டச் சொல்லும். மூணு மணிக்கு ஆராதனை முடிஞ்சு நீங்க வெளிய வர்றதப் பாக்கும். அப்டியே ஏர்போர்ட்டுக்குத் திரும்பிடும். யார்ட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகிச்சு.

– குப்புராஜ்... ஒரே ஒரு தடவை நீ என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?

– கூப்ட்டேனே சார், போன வருசம். உங்க பக்கத்துலயே வண்டிய உருட்டிகினு வந்து, “ஏறுங்க சார்”ன்னேன். பாப்பா உங்களுக்கு எடம் வுட்டு நவுந்து குந்திகினு இருந்துச்சு. நீங்க குனிஞ்சுகூடப் பாக்கல. “வேணாம்ப்பா, இதோ பக்கத்துலதான், நடந்துடுவேன்”னு கைய ஆட்டிட்டுப் போய்ட்டீங்க.