சீட்டில் கேட்காத பரிசோதனை

என் பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தொன்று. குழந்தைகள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். மகளுக்கு மருந்து கொடுக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டுள்ள தாயார் எனக்கு உறவோ பழக்கமோ இல்லை.

அவருடைய மகளுக்கு வயது ஒன்பது. குடல் புண்ணாகி ரத்தம் போகும் நோய்க்குத் தினம் மாத்திரை சாப்பிடுகிறது. அம்மாத்திரை உடம்புக்குள் இரண்டு பொருளாக மாறும். ஒன்று குடலைக் காக்கும். மற்றது மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். மார்ச் மாதம் வந்த ரத்தத்தில், டாக்டரின் சீட்டில் கேட்டிருந்தபடி முதல் பொருளை மட்டும் அளந்தேன். மிகக் குறைவாக இருந்தது. மாத்திரை ஒழுங்காகக் கொடுப்பதில்லை போலும் என்று நானே குறிப்பெழுதிக் கையெழுத்திட்டேன்.

அதன் பிறகு, பிரிந்து வாழும் தகப்பனார் அக்குறிப்பைக் காட்டிப் புகார் கொடுத்ததும், குழந்தையை அத்தை வீட்டில் விட்டதும், டாக்டர் இரட்டித்த மாத்திரையை அத்தை ஒருநாளும் தவறாமல் கொடுத்ததும் பின்னால்தான் எனக்குத் தெரியும்.

ஐந்து வாரம் கழித்துக் குழந்தையை மறுபடி கொண்டுவந்தார்கள். கண் மஞ்சளாக இருந்தது. எந்தக் கையில் நரம்பு கிடைக்கும் என்று அதுவே காட்டியது. வராந்தாவில் நின்ற தாயார் என்னிடம், "நான் குடுத்தேன் மேடம். நாக்குக்கு அடியிலகூட பாத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் அனுப்புவேன்" என்றார்.

அதன் பிறகு சீட்டில் கேட்காத இரண்டாவது பொருளையும் அளந்தேன். எல்லையைப்போல் மூன்று மடங்கு இருந்தது. உறைபெட்டியில் மிச்சமிருந்த மார்ச் மாத ரத்தத்தையும் எடுத்து அளந்தேன். அதிலும் எல்லை தாண்டியிருந்தது. மாத்திரையை விழுங்காமல் அப்பொருள் உண்டாகாது. இக்குழந்தையின் உடம்பு மாத்திரையைப் பெரும்பாலும் இரண்டாவது பொருளாகவே மாற்றிவிடுகிறது.

தலைமைப் பரிசோதகர், "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே. உன் ரிப்போர்ட்ட நீயே தப்புன்னு எழுதுவியா?" என்றார்.

"தப்பில்ல சார், பாதி" என்றேன்.

அன்று மாலையே டாக்டரிடம் இரண்டு முடிவுகளையும் கொடுத்தேன். அவர் மாத்திரையை நிறுத்தி, கண் தெளிந்த பின் கால் பங்கு அளவில், இரண்டாவது பொருள் மிஞ்சாமல் தடுக்கும் துணை மாத்திரை ஒன்றும் சேர்த்து ஆரம்பித்தார். இப்போது ரத்தம் போவது நின்றிருக்கிறது.

தாயாரிடம் விவரம் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. "அப்போ என் கையாலயே அவ ஈரலக் கெடுத்தேனா?" என்று கேட்டார். டாக்டர் சொன்னதைத்தான் கொடுத்தீர்கள் என்றேன்.

குழந்தை இன்னும் அத்தை வீட்டில்தான் இருக்கிறது. என்னை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. நானாக வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை வாசிக்கக் கேட்டேன். சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)