முந்நூற்றுப் பதினொரு லிஃப்ட்டுகள்

என் மாமனார் தங்கமான மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் அவரை வெறுத்தேன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

முப்பது வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே சுயசரிதை எழுத உட்கார்ந்தார். ஒரு லிஃப்ட்டுக்கு ஓர் அத்தியாயம். எழுதியதை மதியச் சாப்பாடு முடிந்ததும் எனக்கு வாசித்துக் காட்டுவார். என் மனைவி கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். நான் வீட்டிலிருந்தே கம்பெனி சர்வர்களைக் கவனிப்பவன்; தப்ப வழியில்லை. நான்கு வருடங்களில் முந்நூற்றுப் பதினொரு லிஃப்ட்டுகளில் ஏறி இறங்கினேன். எல்லாமே மேலே போய்க் கீழே வந்தன.

போன மாதம் திடீரென்று மின்சாரம் போய் வந்ததில் அவருடைய லினக்ஸ் கணினியின் டிஸ்க் திறக்க மறுத்தது. வேறு நகல் கிடையாது. எடுத்துத் தருகிறேன் என்று நான்கு வருடமாகச் சொல்லி வந்தவன் நான்தான்.

பழுதுபார்க்கும் முன் மெட்டாடேட்டாவை மட்டும் நகல் எடுத்துக்கொள்வது எங்கள் தொழில் வழக்கம். ஒவ்வொரு ஃபைலின் பெயர், அளவு, தேதி, டிஸ்க்கில் இருக்கும் இடம், அவ்வளவுதான் அதில் இருக்கும். உள்ளே எழுதியது இருக்காது. வேலை சொதப்பினால் எங்கே சொதப்பியது என்று ஆராய உதவும். எடுத்தேன். சொதப்பவில்லை. பத்தே நிமிடத்தில் எல்லா அத்தியாயங்களும் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் திரும்பிவிட்டன.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நிதானமாக ஒரு டீ குடித்தேன். பிறகு அந்த மெட்டாடேட்டா நகலைப் புது டிஸ்க்கில் இறக்கினேன். பழைய டிஸ்க்கில் முதலிலிருந்து கடைசிவரை பூஜ்யம் எழுதி, இருந்ததையெல்லாம் அழித்தேன். அதற்கு மூன்று மணி நேரம் பிடித்தது. நடுவில் மாமா சாப்பிடக் கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

"எல்லா ஃபைலும் வந்துருச்சு மாமா, பாருங்க." இதில் பொய் எதுவும் இல்லை.

"பேரெல்லாம் இருக்கு மாப்ள. தொறந்தா ஒண்ணுமே இல்லையே?"

"கரண்ட் பண்ணின வேலை மாமா."

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நூறைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். காலையிலேர்ந்து இதோட மல்லுக்கட்டுறீங்க. போய்க் கொஞ்சம் படுங்க."

ஒரு வாரம் மதியம் நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் வந்து, "பேரையாவது ஒரு பட்டியலா எடுத்துக் குடுங்க. திரும்ப எழுதிப் பாக்கறேன்" என்றார். எடுத்தபோதுதான் கவனித்தேன், ஃபைல்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. அதிகப்படியான ஒன்றின் பெயர் 'மாப்பிள்ளை'. தொடங்கிய தேதி முதல் லிஃப்ட்டுக்கும் முந்தியது. கடைசியாகத் திருத்தியது மின்சாரம் போன அன்று காலை. அளவு, மிகப் பெரிய லிஃப்ட்டைப்போல் நாற்பது மடங்கு. அதை மட்டும் அவர் எனக்கு வாசித்துக் காட்டியதே இல்லை.

என்னைத் திட்டித்தான் எழுதியிருப்பார். ஒரு மனிதனைப் பற்றி நான்கு வருடம் வேறு என்னத்தை எழுதுவார்கள்? கண்டிப்பாகத் திட்டித்தான். தினமும் மதியம் படுத்துக்கொண்டு இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.