முப்பத்திரண்டு டிகிரி

இல்ல, நான் கேக்குறேன், இன்ஜின்னா சூடாகத்தானே செய்யும்? அடுப்பப் பத்தவச்சுட்டு பக்கத்துலயே உக்காந்து, ஐயோ சூடு ஏறுதே சூடு ஏறுதேன்னு யாராச்சும் பொலம்புவாங்களா? எங்க வீட்டுக்காரரு பொலம்புவாரு. அதோ உள்ள, மெக்கானிக்கப் புடிச்சுக் கத்திக்கிட்டு இருக்காரே, கட்டம்போட்ட சட்ட, அவருதான். அந்த ஹெல்மெட்டக் கொஞ்சம் நகத்துங்கம்மா, நானும் இந்த பெஞ்சிலயே உக்காந்துக்கிறேன். வண்டியத் தள்ளித் தள்ளி இடுப்பு ஒடிஞ்சுபோச்சு.

ஆன்லைன்ல வாங்குனாரு. டிஜிட்டல் டிப்ஸ்டிக்காம். ஆயில் ஊத்துற ஓட்டைக்கு ஒரு மூடி இருக்கும்ல, அதக் கழட்டிட்டு இதத் திருகி வைக்கணும். அடியில ஒரு குச்சி, ஆயிலுக்குள்ள முங்கிக் கெடக்கும். அங்கேருந்து சூட்ட அளந்து ஹேண்டில்பார்ல இருக்குற குட்டி டப்பாவுக்கு அனுப்பும். கம்பி கிம்பி ஒண்ணும் கெடையாது. காத்துலயே போகுதாம். இதச் சொல்றப்ப அவரு மொகத்தப் பாக்கணுமே, என்னமோ இவரே கண்டுபுடிச்ச மாதிரி.

அன்னிக்குப் புடிச்சது சனி. முன்னாடியெல்லாம் வண்டியில போறப்ப ரெண்டு வார்த்த பேசிக்கிட்டு வருவாரு. இப்ப நம்பர்தான். "தொண்ணூறு"ம்பாரு. கொஞ்ச தூரம் போயி, "தொண்ணூத்தி நாலு"ம்பாரு. நூறத் தாண்டுச்சோ, ஓரங்கட்டிருவாரு. ஆறணுமாம்! மொட்ட வெயில்ல நான் நிக்கிறேன், வண்டி மட்டும் நெழல்ல நிக்குது. புள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சப்ப நெத்தியில கை வச்சுப் பாத்தாரான்னு கேளுங்க... ம்ஹூம். வீட்டுல தெர்மாமீட்டர் எங்க இருக்குன்னு கூட அந்த மனுஷனுக்குத் தெரியாது.

சரி, நூறுன்னா ஆபத்தான்னு ஒரு நாளு கேட்டேன். "ஆமான்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம்"னாரு. அப்பறம் எதுக்கு அந்தக் கருமம்? தெரிஞ்சு என்ன பண்ணப் போறாரு, ஆயில ஊதி ஊதி ஆத்தப் போறாரா? இந்த மெக்கானிக்கே அன்னிக்குச் சொன்னாரு, "சார், வேளாவேளைக்கு ஆயில மாத்துங்க, அளவு சரியா இருக்கான்னு பாருங்க, இந்த வண்டிக்கு அது போதும்"னு. தங்கமான மனுஷன். இவரு கேட்டாத்தானே? "உனக்கு டெக்னாலஜி புரியாது"ன்னுட்டு வந்துட்டாரு.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்... ஆங், கல்யாணம். எங்கண்ணன் மகன் கல்யாணத்துக்கு இப்படித்தான் நின்னு நின்னு போனோம். போய்ச் சேந்தா நாற்காலிய அடுக்கிக்கிட்டு இருக்காங்க. அண்ணி ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க, இன்னிக்கும் சோறு எறங்க மாட்டேங்குது. இன்னிக்கு என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நான் தூக்கி வளத்த புள்ள அது. இதுக்கும் லேட்டாப் போனா என் தங்கச்சி என்கூடப் பேசுவாளா?

அதனால... கிட்ட வாங்க. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, என்ன. காலையில இவரு ஷேவிங் பண்ணிக்கிட்டு இருந்தாரு. நான் நைசாப் போயி அதத் திருகி எடுத்து, தொடச்சு, கைப்பையில போட்டுக்கிட்டேன். டப்பா செத்துரும், இவரும் வாய மூடிக்கிட்டு ஓட்டுவாருன்னு நெனச்சேன். தெர்மாமீட்டர எடுத்துட்டா ஒடம்புக்கு என்ன ஆகப் போகுது? ஓட்டையத் தொறந்தா போட்டு வச்சேன்? என் கர்ச்சீப்ப நல்லா அடச்சுத்தான் வச்சேன்.

டப்பா எங்க செத்துச்சு! என் பைக்குள்ள இருக்குற சூட்டக் காட்டுது. முப்பத்திரண்டு! இவருக்குத் தல கால் புரியல. "பாத்தியா, புது ஆயில் போட்டதும் இன்ஜின் எப்படிக் குளுகுளுன்னு ஓடுது"ன்னு இன்னும் முறுக்குறாரு. பின்னால நான் சிரிப்ப அடக்க முடியாம ஒதட்டக் கடிச்சுக்கிட்டு வரேன். அப்பறம் பாத்தா காலெல்லாம் பிசுபிசுங்குது. கர்ச்சீப்பக் காணோம். என்னங்க, எண்ணெ தெறிக்குதுங்கன்னேன். "ரோட்டு அழுக்கு, சும்மா வா. முப்பத்திரண்டுதான் காட்டுது"ன்னாரு. கடகடன்னு ஒரு சத்தம்... வண்டி நின்னுருச்சு. இன்ஜின் பொசுங்கிப்போச்சு. புதுத்துணியும் போச்சு, கல்யாணமும் போச்சு. அங்க தாலி கட்டியிருப்பாங்க, நான் இங்க உக்காந்திருக்கேன்.

இப்ப பழியெல்லாம் அந்த மெக்கானிக் தலையில. முந்தாநேத்து ஆயில் மாத்துனவரு சரியாத் திருகல, அதான் வழியில கழண்டு விழுந்துருச்சாம். நீதான் புது இன்ஜின் போட்டுத் தரணும், இல்லன்னா கடைய நாறடிச்சுருவேன்னு குதிக்கிறாரு. விழுந்த சாமான் எப்படி சார் நம்பர் காட்டும்னு அவரு கேக்குறாரு. டப்பா அப்படியே நின்னுபோச்சுன்னு இவரு சொல்றாரு. பாவமாத்தான் இருக்கு. அதுக்காக நான் போயி ஒத்துக்க முடியுமா? சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரே. மெக்கானிக்குன்னா நாலு பேச்சு கேக்கத்தானே செய்யணும், அவருக்கென்ன, பழகியிருக்கும்.

இந்தாங்க, இதான் அது. புடிச்சுப் பாருங்க. இத்தனூண்டு சாமான் பண்ற கூத்தப் பாத்தீங்களா? நல்லா மூடிப் புடிங்க, இவரு பாத்துரப் போறாரு.

கேக்குதா உள்ள? "ஏறுதுய்யா, முப்பத்தி நாலு, இன்ஜினுக்கு இன்னும் உயிர் இருக்கு"ங்குறாரு. ஐயோ, உங்க கைச்சூடும்மா அது... எனக்குச் சிரிப்பு தாங்கல...

ஏன் எந்திரிச்சுட்டீங்க? வண்டி ரெடியாயிருச்சா? ஏங்க, அதக் குடுத்துட்டுப் போங்க. ஏங்க... உங்களத்தான்... அங்க எதுக்குப் போறீங்க? இருங்க, அவர எப்படிக் கூப்பிட்டீங்க இப்ப... "என்னங்க"ன்னா?

அங்க ரெண்டு ஆம்பளதானே நிக்கிறாங்க. எங்க வீட்டுக்காரரு டப்பாவையே பாத்துக்கிட்டு இருக்காரு.

திரும்புனது மெக்கானிக்.