ஜன்னலை ஒட்டிய கூண்டு

கோழிக்கூண்டு கட்டும்போது முதலில் காற்றைப் பார்க்க வேண்டும், ஐயா. பலர் இதில்தான் கோட்டை விடுவார்கள். பட்டினப்பாக்கத்தில் கடற்காற்று நேரே அடித்தால் குஞ்சுகள் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் புதுக் கூண்டை வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டினேன். எங்கள் அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் அந்தச் சுவரில்தான். அது கூண்டுக்குள் திறந்தது.

நான் வளர்த்தது கறிக்கடைக் கோழி இல்லை. கிளிமூக்கு விசிறிவால் என்ற அழகுக்கோழி இனம். கலப்பில்லாமல் ஒரு சேவலும் ஆறு பெட்டைகளும் சேர்க்க நான்கு வருடம் அலைந்தேன். "கோழியாண்ட இன்னாய்யா கொஞ்சிக்கினு கீற?" என்று என் மனைவி ஜோதிலட்சுமி கிண்டல் செய்வாள். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் நான் வேலைக்குப் போனபின் கூண்டைக் கூட்டியது அவள்தான்.

கூண்டு கட்டிய இரண்டாம் மாதம் அவளுக்கு வறட்டு இருமல் பிடித்தது. பிறகு வியாபாரத்துக்கு மீன்கூடையைத் தூக்க முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, வீட்டில் புறா, கோழி ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு இல்லை என்றேன்.

வெளியே வந்ததும் ஜோதி, "இன்னாய்யா, இத்தினி கோழி கீது, இல்லன்ற?" என்றாள்.

"டாக்டருக்குக் கோழியப் பத்தி இன்னா தெரியும்? வா, பஸ் வந்துடும்."

அடுத்த முறை அவளே சொல்லிவிட்டாள். டாக்டரம்மா என்னைத் திட்டித் தீர்த்தார். இறகுத் தூசி பட்டுப் பட்டு நுரையீரல் கெட்டியாகிக்கொண்டு வருகிறது, கோழிகள் இன்றே போக வேண்டும், இல்லையென்றால் இவள் பிழைக்க மாட்டாள் என்றார். எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது.

ஆனால் அன்று ஒரு பெட்டை அடையில் இருந்தது. அடையில் உட்கார்ந்த கோழியை இடம் மாற்றினால் முட்டைகளை விட்டு எழுந்துவிடும். கோழி வளர்க்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பொரிக்க இருபத்தொரு நாள் ஆகும். அதுவரை பொறு என்று ஜோதியிடம் சொன்னேன். அவளும் பொறுத்தாள். நல்லவள்.

பொரித்தது. அதற்குள் இன்னொரு பெட்டை அடையில் இருந்தது.

கிண்டியிலிருந்து அவள் அண்ணன் செம்பியன் அவளை அழைத்துப்போக வந்தார். அவள் துணிகளைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். "நீ போய்ட்டா குஞ்சுங்கள யாரு பாத்துக்கறது? காக்கா தூக்கிக்கினு பூடும்" என்றேன். "இந்த அடை மட்டும் முடியட்டும்ண்ணா" என்று அவளே அவரை அனுப்பி வைத்தாள். அதன்பின் அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகத் தீவனம் போட்டாள். படுத்தால் மூச்சு முட்டியது.

செம்பியன் கொடுத்த புகாரில் நான் அலட்சியமாக இருந்துவிட்டதாக எழுதியிருக்கிறதாம். அது தப்பு. ஒரு கோழி பொரிப்பதற்கு முன்பே அடுத்ததற்கு முட்டை வைத்தது நான்தான். நாள் பார்த்து வைத்தேன். அடைக்கோழி இல்லாத நாள் ஒன்று வந்தால் கூண்டைப் பிரிக்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு நாள் வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது அடை பொரித்த அன்று அவள் போய்விட்டாள். பன்னிரண்டு முட்டையில் பதினொன்று பொரித்திருந்தது. அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, ஐயா. இன்னும் இருபத்தொரு நாள் தாங்குவாள் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.