பைகளை வெளியே வைக்கவும்

கருத்தரங்கு என்றால் நேரம்தான் முக்கியம். கட்டுரை படிக்கப் பதினைந்து நிமிடம், கேள்விகளுக்கு ஐந்து. பன்னிரண்டாவது நிமிடத்தில் முதல் மணி, பதினைந்தில் இரண்டாவது. சிதம்பரத்தில் நடந்த அந்தக் கருத்தரங்குக்கு விதிகளை எழுதியவன் நான். முப்பத்தோரு வருடம் வரலாறு கற்பித்தவன் என்பதால் அமர்வுகளை ஒழுங்கு செய்யும் பொறுப்பையும், தலைமையையும் எனக்கே கொடுத்திருந்தார்கள். நீங்கள் கேட்கும் பை விஷயமும் விதிக்கு உட்பட்டதுதான், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் மகள் அறிவுமதியின் கட்டுரைச் சுருக்கமும் என் மேசைக்குத்தான் வந்தது. வீட்டுக்குள் அடைக்கப்பட்ட பெண்களைப் பற்றிய வாய்மொழி வரலாறு. மூன்றாவது சான்று, வெள்ளாற்றங்கரையில் ஒரு பெரிய வீடு. வேற்று ஆளை விரும்பிய பெண்ணை, நெல் குதிர் இருந்த அறையில் வைத்துப் பூட்டினார்கள். பதினோராம் நாள் இறந்தாள். ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னார்கள். சுருக்கத்தின் கடைசி வரி: அறையின் சாவி அவளுடைய அண்ணனிடம் இருந்தது.

அந்தப் பெண் என் தங்கை லோகநாயகி. எங்கள் வீட்டில் வேலை செய்த செல்லாயி சாவதற்கு முன் என் மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

கருத்தரங்குக்கு முந்தின நாள் கடலூரில், வீட்டில் சாப்பிடும்போது, கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னேன். பெயர் எதுவும் போடவில்லை என்றாள். எங்கள் சொந்த ஊரான சேத்தியாத்தோப்பில் யாருக்கும் பெயர் தேவைப்படாது என்றேன். சிரித்தபடி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"பதினஞ்சு நிமிஷந்தானப்பா குடுத்திருக்கீங்க. அதுக்குள்ள நம்ம மானம் எவ்ளோதான் போயிடும்?"

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. மேடையில் பேசினால் கூடும். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் எல்லாம் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

மறுநாள் காலை அவள் அமர்வை மாடி அரங்கத்துக்கு மாற்றினேன். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், வாடை போயிருக்கவில்லை. பைகளை வெளியே மேசையில் வைக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதி வாசலில் ஒட்டினேன். எல்லோரும் வைத்தார்கள். அவள் பையை மட்டும் எடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று அலுவலக அறை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் இரைப்பு தொடங்கியது. மூன்றாவது சான்றுக்கு அவள் இன்னும் வந்திருக்கவில்லை. அரங்கில் இருந்த ஆறேழு பேர் தண்ணீர் கொடுத்தார்கள், தாளால் விசிறினார்கள். அவள் கணவன் கதிர்வேல் வாசலுக்கு ஓடிவிட்டுத் திரும்பி வந்தான்.

"மாமா, அவ பையக் காணோம். நீங்க பாத்தீங்களா மாமா?"

"கீழ எங்கியாவது இருக்கும். தேடிப் பாருங்க."

அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது. அறிவுமதி மேசையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பேச்சுப் போட்டிகளில் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். கையையும் நீட்டினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் முதல் மணியை அடித்தேன். பீரோ சாவி என் வேட்டி மடிப்பில் இருந்தது.

இரண்டாவது மணிக்குத் தேவை இருக்கவில்லை.

கதிர்வேல் இன்னமும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறான். காலையில் எனக்குக் காபி வாங்கி வந்து வைத்துவிட்டுப் போகிறான். அவள் அறையை யாரும் திறப்பதில்லை. தங்கைக்காகவும் நான் அழுதவன்தான், ஐயா. இரண்டு முறையும் சாவி என்னிடம்தான் இருந்தது. மறுக்கவில்லை.

படித்து முடிக்காத கட்டுரை தொகுப்பில் இடம்பெறாது என்பதும் ஒரு விதி. நேற்று அதை நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மகள் என்பதற்காக நான் சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்ல முடியாது.